நொய்யல் கரைத் தோட்டம்: மஞ்சள் கருகுகிறது, ஆற்று நீரைப் பாய்ச்சலாமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். வரப்பில் தென்னை, தொழுவத்தில் இரண்டு கறவை மாடு. கிணற்று நீர் பாய்ச்சப் பாய்ச்ச மஞ்சள் இலை நுனியிலிருந்து கருகுகிறது. ஆற்றில் இப்போது சாயம் இல்லாமல் தெளிவாக ஓடுகிறது. அதை எடுத்துப் பாய்ச்சலாமா? ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: ஐயா, நீரைப் பரிசோதிக்காமல் இரண்டையும் செய்ய வேண்டாம். நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதற்கு முன் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியதும் உங்களுக்குத் தெரிந்ததே. நிறம் போனாலும், ஆண்டுக்கணக்கில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. உப்பு கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீரிலும் கரைந்திருக்கும்.

முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் கருகி, பாத்தி மேட்டில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் பெரும்பாலும் உப்புதான். மஞ்சள் வளையத்தோடு தனித்தனிப் புள்ளியாக இருந்தால் அது இலைப்புள்ளி நோய். அதற்கு வைத்தியம் வேறு.

கிணற்று மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஆற்று நீரைத் தேங்கிய ஓரத்தில் எடுக்காமல், ஓடுகிற இடத்தில் எடுங்கள். இடம், தேதி எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். ஈ.சி. (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்து திறன்), சோடியம், பைகார்பனேட் எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள். ஈ.சி. மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை. 3ஐத் தாண்டினால் மஞ்சளுக்கு ஆகவே ஆகாது. தென்னை ஓரளவு தாங்கும்.

ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் மருந்து. சோடியம் மிகாமல் உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணில் போட்டால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். உவருக்கு, ஐப்பசி மழையை வரப்பு கட்டி, பயிர் இல்லாத வயலில் நிறுத்தி, உப்பைக் கீழே இறக்கி, வடிகாலில் விடுவதே வழி. சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷை விட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள். மியூரேட்டில் குளோரைடு இருக்கிறது.

மாடுகளைப் பொறுத்தவரை, ஈ.சி. 5க்குள் இருந்தால் உப்பால் தொல்லை இல்லை. ஆனால் குரோமியம் போன்ற உலோகங்களை ஈ.சி. காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதுவரை ஆற்று நீரை மாட்டுக்குக் காட்ட வேண்டாம்.

ஆறு ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருக்காது. கோடைக்குப் பின் வரும் முதல் வெள்ளமும், கழிவு கலக்கும் நாட்களும் வேறு. ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல், பக்கத்துத் தோட்டத்தாரும் சேர்ந்து கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, வாரம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். நுரை, நாற்றம், மீன் மேலே வந்து வாய் திறப்பது, எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். அளவு திடீரென ஏறினால் அன்றே ஒரு பாட்டில் பிடித்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள். மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முன் வைக்கும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

பரிசோதனை அறிக்கை வந்ததும் எண்களை எழுதுங்கள். ஜிப்சம் தேவையா, ஏக்கருக்கு எவ்வளவு என்பதை அப்போது சொல்கிறேன்.