எட்டுச் சின்ன டம்ளர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டென்வரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். சென்ற மாதம் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஜெர்மன் வகை பீர்களை அமெரிக்க கிராஃப்ட் ப்ரூவரிகள், அதாவது சின்ன பீர் ஆலைகள், எப்படிச் செய்கின்றன என்று ருசி பார்த்தோம். எட்டு வகை, தலைக்கு நான்கு அவுன்ஸ் (சுமார் 120 மில்லி). சிலவற்றுக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய ஜெர்மன் பாட்டிலையும் வைத்துக்கொண்டோம். ஐந்துக்கு மதிப்பெண் போட்டோம். முதலில் குடித்த டாப்பல்பாக் 4.5, அடுத்து ரவுக்பீர் 4. மூன்றாவதாக ஹெல்லஸ், வெறும் 2.5. ஒரு குணமும் இல்லை. கோல்ஷும் அப்படியே. கோதுமை பீரான ஹெஃபவைசனில் வாழைப்பழ வாசனையே வரவில்லை. கோஸே உப்புக் கரித்தது, அதில் தர்பூசணி வேறு. 1516ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டத்தை மதிக்காதவர்களுக்கு இந்தப் பெயர்களை வைத்துக்கொள்ள என்ன உரிமை? அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து என் அலுவலக நண்பர் வருகிறார். அவர் முன் கூச்சமில்லாமல் வைக்கக்கூடிய அமெரிக்க பீர் எது? இதையெல்லாம் தமிழில் எழுதிக் கேட்பது சரியா என்றும் ஒரு தயக்கம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கள்ளும் தேறலும் நறவும் சங்கப் பாட்டு முழுக்க ஓடுகிற மொழி இது. தாராளமாக எழுதலாம்.

தூய்மைச் சட்டம். 1516ல் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் போட்ட அந்த ஆணை தண்ணீர், பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ மூன்றைத்தான் சொல்கிறது. ஈஸ்ட் அதில் இல்லை, கோதுமையும் இல்லை. எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டால் பவேரியாவின் கோதுமை பீரே தேறாது. உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட கோஸே ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து பீர்தான். பெர்லினில் புளிப்பான வைஸெ பீரில் சிவப்பு சிரப்பும் பச்சை சிரப்பும் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கொலராடோவில் யாரையும் அடிக்க வேண்டாம்.

நான் உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் இருந்த இரண்டு சொற்கள். நான்கு அவுன்ஸ். சில வாரங்களாகவே இது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ப்ரூவரியில் பீர் ஊற்றிக் கொடுக்கிற டாப்ரூமில் பக்கத்து மேசையில் ஒரு கணவனும் மனைவியும். மரப்பலகையில் ஆறு குட்டி டம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் குடித்து, போனில் நட்சத்திரம் போட்டு, அடுத்ததற்குப் போனார்கள். ஐந்து டம்ளர் காலி. ஒன்று மட்டும் முக்கால்வாசி அப்படியே நின்றது. அது பில்ஸ்னர். அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே நல்ல பீர் அதுதான். நுரை அடங்கி, குளிர்ச்சி போய், கடைசியில் பணிப்பெண் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது உங்கள் வரிசையைப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, இதைச் சொல்லாமல் விடமுடியாது. முதலில் டாப்பல்பாக், போதை கூடிய கனமான பீர். அதன் இனிப்பும் காரமும் நாக்கில் அப்பிக்கொள்ளும். அதன் மேல் ரவுக்பீர், பீச் மரப் புகையில் வாட்டிய மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதற்கப்புறம் ஹெல்லஸ்! கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட வாயோடு இளநீரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்று யாராவது சொல்வார்களா? நான்கு பேர் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையா?

ஹெல்லஸ் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1842ல் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் தங்க நிற லாகரைச் செய்தார், அதுதான் பில்ஸ்னர். அது ஊர் ஊராகப் பரவியது. கருப்பு பீருக்குப் பேர்போன ம்யூனிக் 1894ல் அதற்குக் கொடுத்த பதில்தான் ஹெல்லஸ். ஸ்பாட்டன் ப்ரூவரி அதைக் கொண்டுவந்தது. ஹாப்ஸின் கசப்பைக் கட்டுக்குள் வைத்து மால்ட்டை முன்னால் நிறுத்தினார்கள். ரொட்டியின் வெள்ளைப் பகுதியை மெதுவாக மென்றால் ஒரு இனிப்பு வருமே, அதுதான் அதன் ருசி. பேசிக்கொண்டே அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குடிக்கிற பீர். ஒரு மடக்கு குடித்ததும் அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும். அதன் குணமே அதுதான். இரண்டு மடக்கோடு முடிகிற டம்ளரில் அந்தக் குணம் எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். லாகர் என்பது சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பத்து டிகிரி வாக்கில் நிதானமாகப் புளிக்கவிட்டு, பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். சின்ன ப்ரூவரிக்குத் தொட்டிதான் சொத்து. ஹாப்ஸ் தூக்கலான ஒரு ஐபிஏ இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியைக் காலி செய்துவிடும். ஹெல்லஸ் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு சின்னப் பிழை நேர்ந்தால் மறைக்க அதில் எதுவுமே கிடையாது. பழம் இல்லை, புகை இல்லை, கைநிறைய ஹாப்ஸ் இல்லை. வேகமாக விற்கக்கூடியது ஒன்று கையில் இருக்கும்போது, இதைச் செய்தே தீருவேன் என்று ஒருவர் ஒன்றரை மாதம் காத்திருந்து செய்கிறார். நீங்கள் இரண்டு மடக்கில் 2.5 போட்டுவிட்டு நகர்கிறீர்கள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, கொலோன் நகரத்து பீரான கோல்ஷுக்கு வருகிறேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

1994 பிப்ரவரி. எனக்கு 26 வயது. இயந்திர உதிரிபாக நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்காகக் கொலோன் போயிருந்தேன். போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஜெர்மன் தெரியாது. அலுவலக வேலை தவிர யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ரைன் நதிப் பக்கமிருந்து காற்று எலும்பைக் குடைந்தது. குளிருக்காகப் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பீர்க்கூடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தேன். நீலச் சட்டையும் நீள ஏப்ரனுமாக ஒரு ஆள் வந்தார். அங்கே பரிமாறுகிறவர்களைக் கோபெஸ் என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லியான, நேரான 200 மில்லி டம்ளர் ஒன்றை அட்டை மேல் வைத்து, அட்டை ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

குடித்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. டம்ளரைக் கீழே வைத்ததும் அடுத்தது வந்தது, அடுத்த கோடும். இரண்டாவதில் ஒரு பழ வாசனை, பேரிக்காயை நறுக்கும்போது வருவது போல, வந்த வேகத்தில் போய்விட்டது. மூன்றாவதில் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு எழுந்து, வாயைத் துடைத்து வைத்தாற்போல் அடங்கியது. நான்காவதைக் குடிக்கும்போது இனிப்பு, பழம், கசப்பு மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே வரிசையில் வந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ பீர் குடித்திருக்கிறேன், அந்த நான்காவது டம்ளர் மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

ஐந்தாவது வந்தது. போதும் என்று எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வைத்ததை மீதம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவன். அதையும் குடித்து முடித்தபோது, எதிர் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் அட்டையை எடுத்து டம்ளரின் வாய் மேல் வைத்தார். என் தோளை ஒருமுறை தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். கோபெஸ் வந்து கோடுகளை எண்ணிக் கணக்குச் சொன்னார். எனக்குக் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. இலையை மூடும்வரை பரிமாறிக்கொண்டே இருப்பார்களே, அதே வழக்கம். கண் நிறைந்துவிட்டது. அந்த ஊரில் இரண்டு வருடம் இருக்கலாம் என்று அந்த இரவுதான் முடிவு செய்தேன்.

அந்தச் சின்ன டம்ளரும் நீங்கள் குடித்த சின்ன டம்ளரும் ஒன்றல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. கொஞ்சம் சூட்டில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்டில் புளித்து, பிறகு லாகர் போலக் குளிரில் கிடந்து வருகிற மென்மையான பீர் கோல்ஷ். சீக்கிரம் சூடேறும், வாயு இறங்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, புதிது புதிதாக ஊற்றுகிறார்கள். டம்ளர் மாறிக்கொண்டே இருக்கும், பீர் ஒன்றேதான். உங்கள் பலகையில் டம்ளருக்கு டம்ளர் பீர் மாறியது.

பெயர் உரிமை பற்றிக் கேட்டீர்கள். 1986ல் கொலோன் பகுதியின் 24 ப்ரூவரிகள் கூடி ஒப்பந்தம் போட்டு, கோல்ஷ் என்ற பெயர் தங்களுக்கே என்றார்கள். 1997ல் ஐரோப்பிய ஒன்றியமும் பாதுகாப்புக் கொடுத்தது. அமெரிக்காவை அது கட்டுப்படுத்தாது. எனக்கு அந்தப் பெயர் உறுத்தவில்லை. அதைப் பதினாறு அவுன்ஸ் தடிக் கிளாஸில் ஊற்றி, பாதியில் செத்துப்போக விடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. மற்றபடி, 1840களில் இந்த நாட்டுக்கு லாகரைக் கொண்டுவந்தவர்களே ஜெர்மன் குடியேறிகள். மினசோட்டாவின் நியூ உல்மில் ஆகஸ்ட் ஷெல் 1860ல் தொடங்கிய ப்ரூவரி 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கையும் தாண்டி அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1936ல் செய்த சைப்ரஸ் மரத் தொட்டிகளை மீண்டும் எடுத்துப் பெர்லின் வகைப் புளிப்பு பீர் செய்தார்கள். அவர்களிடம் போய் உரிமை கேட்பீர்களா?

ஹெஃபவைசனில் வாழைப்பழம் இல்லை என்கிறீர்கள். பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது ஈஸ்ட்டால். அமெரிக்க ஹெஃபவைசன் என்று ஒன்று தனியாக வளர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. ஓரிகனின் போர்ட்லண்டில் 1984ல் ஆரம்பித்த விட்மர் சகோதரர்கள் முதலில் செய்தது ஆல்ட், டுசெல்டார்ஃப் நகரத்துச் செம்பு நிற பீர். அதற்கான ஈஸ்ட்டை டுசெல்டார்ஃபின் ஊரிகே ப்ரூவரியிலிருந்து கொண்டுவந்தார்கள். 1986ல் கோதுமை பீரை வடிகட்டாமல் மங்கலாகவே ஊற்றிக் கொடுத்தபோதும் அதே ஈஸ்ட்தான். அதில் வாழைப்பழம் வராது, ஒரு சுத்தமான தானிய ருசிதான் வரும். ஏமாற்று வேலை எதுவும் இதில் இல்லை. டுசெல்டார்ஃப் ஈஸ்ட்டில் பவேரியப் பெயருடன் ஓரிகனில் பிறந்த பீர். எனக்குப் பிடிக்கும். வாழைப்பழம்தான் வேண்டுமென்றால் ஆஸ்டினில் லைவ் ஓக் ப்ரூவரி செய்வதைத் தேடிக் குடியுங்கள்.

கோஸே பற்றி எழுதியதில்தான் எனக்கு வருத்தம். உப்பு, கொத்தமல்லி வாசனை, லாக்டிக் புளிப்பு. நீர்மோர் குடித்து வளர்ந்த நாக்கு இதை அந்நியம் என்று சொல்லலாமா? தயிரைப் புளிக்கவைக்கிற பாக்டீரியாவின் குடும்பம்தான் இதையும் புளிக்கவைக்கிறது. லைப்சிக்கில் 1966ல் இந்த பீர் நின்றே போனது. 1980களில் சிலர் பிடிவாதமாக மீட்டார்கள். பிறகு அமெரிக்கர்கள் கையில் எடுத்த பின்புதான் பல நாடுகளில் பெயர் தெரிந்தது. தர்பூசணி எனக்கும் பிடிக்காது. ஆனால் அது ஏன் வந்தது? எட்டு டம்ளர் பலகையில் ஒன்றாக நின்று மதிப்பெண் வாங்க வேண்டுமென்றால் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. மதிப்பெண் போடுகிற நாமும் சேர்ந்துதான் அந்தத் தர்பூசணியைப் போட்டோம்.

ரவுக்பீர் நான்கு வாங்கியதிலும் எனக்குச் சந்தோஷமில்லை. ரவுக்பீருக்குப் பேர்போன பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லா என்ற பீர்க்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் விரலை மூன்று என்று காட்டினார். முதல் டம்ளரில் வெறும் புகை. மூன்றாவதில்தான் புகை ஒதுங்கி உள்ளே மால்ட் தெரிந்தது. நீங்கள் நான்கு மதிப்பெண் போட்டது புகைக்கு.

பக்கத்தில் வைத்துக்கொண்டீர்களே ஜெர்மன் பாட்டில், அதைப் பற்றி ஒன்று. கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடை விளக்கின் கீழ் நின்ற பீர் அது. பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்காது. வெளிச்சம் பட்ட ஹாப்ஸ் நாற்றமடிக்கும். லாகர் பழசானால் நனைந்த அட்டை வாடை வரும். அதை அளவுகோலாக வைத்துப் புது பீரை அளப்பது ஜெர்மன்காரருக்கும் அநியாயம், உள்ளூர்க்காரருக்கும் அநியாயம்.

உங்கள் ஊரிலேயே பீர்ஸ்டாட் லாகர்ஹவுஸ் என்ற ப்ரூவரி இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய செம்புப் பாத்திரங்களில் காய்ச்சுகிறார்கள். ஸ்லோ போர் பில்ஸ் என்று கேளுங்கள். ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி ஊற்றி என்று சில நிமிடங்கள் எடுக்கும். போனைப் பையில் வையுங்கள். ஒரு பில்ஸ், அதற்குப் பின் அதே பில்ஸ். வேறெதுவும் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை போய் ஒரு ஹெல்லஸ், பின் இன்னொரு ஹெல்லஸ். கார் எடுத்துப் போகாதீர்கள்.

உங்கள் ஸ்டுட்கார்ட் நண்பரையும் அக்டோபரில் அங்கேயே கூட்டிப்போங்கள். வீட்டில் வைக்க வேண்டுமென்றால் டென்வர் ப்ரூவரி ஒன்றின் பில்ஸோ செம்பொன் நிற லாகரான மெர்ட்சனோ வாங்குங்கள், ஒரே வகை, ஆளுக்கு மூன்று கேன். கேனின் அடியில் தேதி அச்சிட்டிருக்கும், ஆறு வாரத்துக்கு மேல் போயிருந்தால் எடுக்காதீர்கள். அரை லிட்டர் கிளாஸ் இரண்டு. ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் அலசினால் போதும். முதல் கிளாஸ் முடியும்வரை அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள்.