1940களின் புகைப்படங்களில் ஆண்களின் டை ஏன் வயிற்றோடு நின்றுவிடுகிறது?

அக்கால அமெரிக்கப் புகைப்படங்களில் டை குட்டையாகத் தெரிவதற்கு முதன்மையான காரணம் கால்சட்டைதான். 1930களிலும் 1940களிலும் ஆண்கள் கால்சட்டையைத் தொப்புள் உயரத்தில் அணிந்தார்கள்; சட்டைக்கு மேல் கையில்லாத வெயிஸ்ட்கோட்டும் இருந்தால் டையின் நுனி வெளியில் தெரியவே வாய்ப்பில்லை. ஆகவே இன்று பெல்ட் வரை நீளும் டை அன்று தேவைப்படவில்லை.

1920களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், டைக்கான துணியை இழைக்குச் சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாகத் தைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முடிச்சை அவிழ்த்ததும் டை முறுக்கிக்கொள்ளாமல் பழைய வடிவத்துக்குத் திரும்பியது இந்த வெட்டினால்தான். என் பார்வையில் டையின் வரலாற்றிலேயே மிக முக்கியமான மாற்றம் இதுவே.

முடிச்சைப் பொறுத்தவரை, அகன்ற முனையைக் குறுகிய முனையின்மேல் ஒருமுறை சுற்றி, கழுத்துப் பக்கமாக மேலேற்றி, முன்புறச் சுற்றுக்குள் செருகி இறக்கும் எளிய முடிச்சே பரவலாக இருந்தது. முன்னாள் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டான விண்ட்சர் கோமகனின் பருத்த முடிச்சைப் பலர் வியந்தார்கள். ஆனால் அவர் கட்டியதும் இதே எளிய முடிச்சுதான், பருமனைத் தந்தது அவருடைய டைகளின் தடித்த உள்துணி. அவர் பெயரால் வழங்கும் இரட்டைச் சுற்று முடிச்சு, அந்தத் தோற்றத்தைச் சாதாரண டையில் கொண்டுவர மற்றவர்கள் கண்ட வழி.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டைகள் நான்கு அங்குலத்துக்கும் மேல் அகன்று, கையால் தீட்டிய பனைமரங்களும் பறவைகளும் அவற்றில் இடம்பிடித்தன.