'லெகி' என்றால் என்ன?

கேள்வி: ஆங்கிலத் தோட்டக்கலை நூல் ஒன்றில், தக்காளி நாற்று 'லெகி' ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பகுதி வருகிறது. மாடல் அழகிகளைப் பற்றிய செய்திகளில்தான் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். செடிக்கு ஏது கால்?

பதில்: காலைக் குறிக்கும் 'லெக்' என்ற சொல்லோடு ஒரு ஜி, ஒரு ஒய் சேர்ந்தால் 'லெகி' (leggy). இரண்டு ஜி கட்டாயம். ஒன்றை விட்டால் உச்சரிப்பு 'லெஜி' ஆகிவிடும். உடம்பின் அளவுக்குக் கால் நீளம் என்பதே அடிப்படைப் பொருள். வெறும் உயரத்துக்கு இது பொருந்தாது. பிறந்த குதிரைக்குட்டி நல்ல உதாரணம்: உடல் சிறியது, கால்களோ நெடுநெடுவென்று இருக்கும்.

மனிதர்களில் பெரும்பாலும் பெண்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அதில் உடலழகை நோட்டமிடும் தொனி உண்டு. ஆகவே ஆசிரியையையோ அலுவலகத் தோழியையோ இப்படி வர்ணிக்காதீர்கள்; உயரமானவர் என்று பொருள்படும் 'டால்' (tall) போதும். ஒல்லியாக வளர்ந்த பையனுக்கு 'லேங்கி' என்ற சொல் இருக்கிறது. கொக்கு, சிலந்தி போன்றவற்றின் கால் நீளத்தைச் சொல்ல 'லாங்-லெகிட்' என்பதே இயல்பு. அதை 'லெக்ட்' என்று உச்சரிப்பவர்களும் உண்டு, இரண்டும் சரிதான்.

செடிக்கு வரும்போது இது பாராட்டே அல்ல, குறை. தண்டுதான் கால். இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, தண்டு வெளிறி, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாயும். முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவு. ஒளியைத் தேடி நாற்று நீள்கிறது. நெருக்கமாக விதைத்தாலும், சூடான அறைக்குள் வைத்தாலும் இப்படி ஆகும். உரம் போட்டுச் சரிசெய்ய நினைப்பது தவறு. உரத்திலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) தண்டை இன்னும் நீட்டிவிடும்.

தக்காளி என்றால் கவலை வேண்டாம். விதை முளைத்ததும் முதலில் விரிந்த, அடியிலுள்ள வித்திலைகளைக் கிள்ளிவிட்டு, அவற்றுக்குப் பின் வந்த உண்மையான இலைகளுக்குச் சற்றுக் கீழ்வரை தண்டை மண்ணுக்குள் இறக்கி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். பிறகு வெயிலுக்குப் படிப்படியாகப் பழக்குங்கள். நிழலில் இருந்ததை ஒரேயடியாக உச்சிவெயிலில் வைத்தால் இலை கருகும். பெட்டூனியா போன்ற பூச்செடிகள் 'லெகி' ஆனால் வைத்தியம் வேறு: இலை தண்டோடு சேரும் கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்து அடர்த்தியாகும்.