சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஸ்பிரிங் போட்டால் நாரி வலி போகுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, மண்டூரில் இறங்கி, அங்கிருந்து கிறவல் வீதியால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியர் நான். சில மாதங்களாக நாரி வலிக்கிறது. சைக்கிளால் இறங்கும்போது தொடையிடுக்கும் உணர்வில்லாமல் விறைத்துப் போயிருக்கிறது. சஸ்பென்ஷன் சீற் போஸ்ட், அதாவது சீற்றைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குழாய், வாங்கிப் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். பலன் இருக்குமா?

பதில்: நாரி வலிக்குப் பலன் இருக்கலாம், சேர். விறைப்புக்கு அதை நம்ப வேண்டாம். இரண்டும் வரும் வழி வேறு.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் சீற்றில்தான் இருக்கும். பின் சில்லு குழியில் விழுந்தால் அந்த அடி இடுப்பெலும்பு வழியாக நேரே முள்ளந்தண்டில் ஏறும். குனிந்து ஓட்டுபவருக்கு அதில் ஒரு பங்கு கைகளுக்குப் போய்விடும். அதனால் உங்களைப் போல நிமிர்ந்தபடி கிறவலில் போகிறவருக்கு இந்தப் போஸ்ட் உதவும். காபட் வீதியில் மட்டும் ஓடுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

குழாய்க்குள் குழாய் இறங்கும் வகை மலிவு. பொதுவாக 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை இறங்கும். பெரிய குழியின் அடியைத் தாங்கும். சிறு கற்களின் நடுக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. வாங்குவதென்றால் பழைய போஸ்ட்டின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், ஒரே அளவு எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தாது. ஸ்பிரிங்கை உங்கள் பாரத்துக்கு ஏற்ப முறுக்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் மொத்த இறக்கத்தில் கால்வாசி அளவு தாழ்ந்தால் சரி. அந்த அளவுக்குச் சீற்றைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

ஆனால் காசைச் செலவழிக்கும் முன் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். முழங்காலும் நாரியும் அதற்கு விலை கொடுக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். மிதிக்க மிதிக்க இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீற் கூடுதலாக உயர்ந்துவிட்டது. அப்புறம் ரயர். எத்தனை அளவு காற்று அடிக்கலாம் என்று அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். கல்லுப் போல அடிக்காமல், அந்த எல்லைக்குள்ளேயே கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குழி வரும்போது பெடலில் ஊன்றிச் சற்று எழும்பிவிடுங்கள். எந்த ஸ்பிரிங்கும் முழங்காலுக்கு ஈடாகாது. புத்தகப் பையை முதுகில் போடாமல் கரியரில் கட்டுங்கள்.

இனி விறைப்பு. சைக்கிளில் பாரம், உட்காரும்போது பிட்டத்தில் ஊன்றும் இரண்டு இருப்பெலும்புகளிலும் இறங்க வேண்டும். சீற் ஒடுங்கலாக இருந்தாலோ முனை மேலே தூக்கியிருந்தாலோ, நடுவிலுள்ள, மறைவிடத்துக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பும் இரத்தக் குழாய்களும் நசிபடும். மெத்தை போன்ற ஜெல் உறையும் தீர்வில்லை. எலும்பு அதில் புதைய, நடுப்பகுதி மேலெழுந்து இன்னும் அழுத்தும். சீற்றை மட்டமாக வையுங்கள். இருப்பெலும்புகளுக்குப் போதிய அகலமும் நடுவில் பள்ளமும் உள்ள சீற் நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள்.

வெட்கப்பட்டு இதை மறைக்கிறவர்கள் பலர். நீங்கள் கேட்டது நல்ல விஷயம். இறங்கி நெடுநேரமாகியும் விறைப்பு விடவில்லை என்றாலோ, ஆண்குறி எழுச்சியில் மாற்றம் தெரிந்தாலோ வைத்தியரிடம் போங்கள். உங்கள் வயதில் இரத்தச் சீனியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கால் பலவீனமாகிறது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போகிறது, சிறுநீர் கழிக்க முடியவில்லை, சைக்கிள் ஓட்டாத நேரத்திலும் மறைவிடத்தில் உணர்வில்லை என்றால், அது சீற்றின் பிரச்சினை இல்லை. முள்ளந்தண்டின் அடி நரம்புகள் நசிபடுவதாக இருக்கலாம். அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் சீற்றையும் காற்றையும் இன்றைக்கே சரிசெய்து மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கிறவலில் போகும்போது மட்டும் நாரி வலித்தால், தாராளமாகப் போஸ்ட்டை வாங்குங்கள். கிறவலில் ஏறாத நாளிலும் வலி இருந்தால் அதற்கு முன் வைத்தியர் ஒருவர் உங்கள் முதுகைப் பரிசோதிக்க வேண்டும்.