ரோமில் படிக்கப் போகும் யூத மாணவர்களுக்கு: கேள்வி பதில்

ஒரு பருவமோ ஓராண்டோ ரோமில் படிக்கச் செல்லும் யூத மாணவர்களும், அவர்களோடு அறை பகிரவிருக்கும் நண்பர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் மாணவியாக அந்நகருக்குப் போய், படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கிவிட்டவள். விசா, வங்கிக் கணக்கு, காப்பீடு ஆகியவை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அவற்றுக்கு உங்கள் பல்கலைக்கழக அலுவலகமே சரியான இடம்.

கேள்வி: செப்டம்பரில் வருகிறேன். ஒருவரையும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரோமின் யூதர்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து அதே டைபர் ஆற்றங்கரையில் தொடர்ந்து வாழ்பவர்கள். இத்தாலி முழுவதிலும் உள்ள யூதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த ஒரு நகரில் இருக்கிறார்கள். தாத்தா அமர்ந்த இருக்கையில் பேரன் அமர்கிற ஊர் இது. ஆகையால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் யாராவது ஓடிவந்து கைகுலுக்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அவர்கள் உங்களைப் புறக்கணிப்பதாகவும் எண்ண வேண்டாம். வாரந்தோறும் வந்து பார்த்துவிட்டுப் போகும் பயணிகளிலிருந்து உங்களைப் பிரித்தறிய அவர்களுக்குச் சிறிது காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். முதல் பருவத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு ஜெப ஆலயத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஏப்ரலில் பஸ்கா வந்தபோது ஏழெட்டு ஆலயங்களின் கூரைகள் எனக்குப் பழக்கமாகியிருந்தன. என் முகம் ஒருவருக்கும் பழக்கமாகியிருக்கவில்லை. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, அதன் இரவு விருந்தில் இடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. அந்த இரவு, என் அறையில் புளிப்பில்லா அப்பமும் வேகவைத்த ஒரு முட்டையும் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கவேண்டிய பிள்ளையும் பதில் சொல்லவேண்டிய பெரியவரும் நானே ஆகி, விருந்தில் படிக்கவேண்டிய விடுதலைக் கதையைத் தனியாகவே படித்து முடித்தேன்.

எனவே, ஓர் ஆலயத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் அதற்கே போங்கள். மூன்றாவது வெள்ளியன்று யாராவது உங்கள் பெயரைக் கேட்பார்கள்; அப்போது இரவு உணவுக்கு எங்கே போகப்போகிறீர்கள் என்றும் கேட்பார்கள். பதினெட்டு வயது முதல் முப்பத்தைந்து வரையுள்ளவர்களுக்கு இத்தாலிய யூத இளைஞர் ஒன்றியம் இருக்கிறது. அதற்கும் இப்போதே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆலய வாசலில் கடவுச்சீட்டு கேட்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? அது அவமதிப்பாகத் தோன்றாதா?

பதில்: உண்மை. காரணத்தை அறிந்தால் அவமதிப்பாகத் தோன்றாது. 1982 அக்டோபர் 9 அன்று, பண்டிகைத் தொழுகை முடிந்து பிள்ளைகளோடு குடும்பங்கள் ரோமின் தலைமை ஜெப ஆலயமான பேராலயத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, துப்பாக்கிகளோடும் கையெறி குண்டுகளோடும் தாக்குதல் நடந்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. 37 பேர் காயமடைந்தார்கள். ஆலயத்தின் அருகிலுள்ள சிறு சதுக்கம் இன்று அந்தக் குழந்தையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வாசலில் நின்று உங்களைக் கேள்வி கேட்கும் இளைஞருக்கு அந்தக் கதை வீட்டில் கேட்டு வளர்ந்த கதை.

முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். எந்தப் பண்டிகை, உங்கள் ஊரில் எந்த ஆலயம், எபிரேயப் பெயர் என்ன என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். சபாத் என்னும் வார ஓய்வுநாளில் எதையும் சுமக்காதவராக இருந்தால், அதையும் கடிதத்திலேயே எழுதி, அதற்கு என்ன வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடு எங்கே பார்ப்பது? திரஸ்தேவெரே அழகாக இருக்கிறதே.

பதில்: அழகானதுதான், கெட்டோ என்னும் அடைப்புக் குடியிருப்புக்குள் ஒதுக்கப்படுமுன் யூதர்கள் வாழ்ந்த பகுதியும் அதுவே. அங்கிருந்து டைபர் தீவின் இரண்டு பாலங்களையும் கடந்தால் பத்து நிமிட நடையில் பேராலயம். பித்திலியானி என்னும் யூதப் பண்பாட்டு மையமும் திரஸ்தேவெரேயில்தான் இருக்கிறது. ஆனால் வாடகையும் இரவு இரைச்சலும் அதிகம்.

சபியென்சா பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு நான் போலோஞ்ஞா சதுக்கத்தையே சொல்வேன். 1967-இல் லிபியாவிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்கள் பலர் அந்தப் பகுதியில் குடியேறினார்கள். யூத உணவு விதிகளுக்கு ஏற்ற கோஷர் கடைகளும் திரிப்போலி முறைத் தொழுகையும் அங்கே உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் நடந்தே போய்விடலாம்.

கேள்வி: நான் மும்பையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் யூதன். என் தோற்றத்தைப் பார்த்து நம்பமாட்டார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: தம்பி, உங்கள் தயக்கம் நியாயமானது, வாசலில் உங்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகவே கேட்கப்படலாம். உங்கள் ஊர் ஆலயத்தின் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். உள்ளே நுழைந்தபின் நிலைமை வேறு. மேலே சொன்ன திரிப்போலி மக்களும் வேறொரு மொழியோடும் வேறொரு சமையலோடும் வந்து சேர்ந்தவர்களே. முதலில் அவர்களோடு தொழுது பாருங்கள். உங்கள் வீட்டு ராகத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் கூச்சப்படாமல் பாடுங்கள்.

கேள்வி: எனக்கு எபிரேயம் நன்றாகத் தெரியும். ஆனாலும் பேராலயத்தில் தொழுகை புரியாது என்கிறார்களே?

பதில்: ரோமானியர்கள் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கனாசிகளும் அல்லர், ஸ்பெயின் மரபினரான செபராதிகளும் அல்லர், அவர்களுடையது இத்தாலிய முறை என்ற தனிமரபு. பிரார்த்தனைகளின் வரிசை சில இடங்களில் மாறும். ராகங்கள் எல்லாமே மாறும். உச்சரிப்பில் ஒரு விந்தை உண்டு. தொண்டையில் பிறக்கும் 'அயின்' என்னும் எழுத்தைப் பழைய ரோமானியர்கள் நம் 'ங்' போலவே ஒலிப்பார்கள். நீங்கள் 'ஷெமா' என்று அறிந்தது அங்கே 'ஷெமங்' என்று ஒலிக்கும். இத்தாலிய எழுத்தில் எழுதிக்காட்டத் தடுமாறும் அந்த ஒலியைத் தமிழில் ஒரே எழுத்தால் எழுதிவிடலாம் என்று கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

செப்டம்பரில் வருபவர்களுக்கு யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நோன்பு நாள் கிடைக்கும். அன்று மாலை, நோன்பு முடியும் வேளையில் கட்டாயம் பேராலயத்தில் இருங்கள். ஆண்டு முழுவதும் எட்டிப்பார்க்காதவர்கள்கூட அப்போது வந்துவிடுவார்கள். ஆசாரியர்கள் ஆசி கூறத் தொடங்கும்போது, தந்தையர் தம் தொழுகைப் போர்வையைப் பிள்ளைகளின் தலைமேல் விரிக்க, வளர்ந்த மகன்கள் தம் முதிய தந்தையின் போர்வைக்குள் குனிந்து நுழைய, ஆலயமே ஒரே வெண்துணியாகிவிடும். பெண்கள் மாடத்தில் இருப்பதால் நான் அதை மேலிருந்து பார்க்கிறேன். முதலாண்டு என் பக்கத்தில் நின்ற, பெயர் தெரியாத ஒரு பாட்டி, தம் சால்வையின் ஒரு முனையை என் தலையில் போட்டார்.

கேள்வி: சனிக்கிழமை தேர்வு வைத்தால் என்ன செய்வது?

பதில்: சட்டம் உங்கள் பக்கம். இத்தாலிய அரசுக்கும் யூதச் சமூகங்களின் ஒன்றியத்துக்கும் 1987-இல் ஏற்பட்ட உடன்பாடு, 1989-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் சட்டமாயிற்று. வெள்ளி மறைவுக்கு அரைமணி முன்பிருந்து சனி மறைவுக்கு ஒருமணி பின்புவரை ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் உரிமையை அது ஏற்கிறது. சனிக்கிழமையில் வைக்கப்பட்ட தேர்வை வேறு நாளில் எழுத, கோரிக்கை வைக்கும் யூத மாணவருக்கு வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பண்டிகை நாள்களும் அதில் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் கோரிக்கையை நீங்கள்தான் வைக்கவேண்டும். பருவத்தின் முதல் வாரத்திலேயே, சட்டத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை போய் நின்றால் பேராசிரியருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

கேள்வி: ஆணும் பெண்ணும் சேர்ந்து அமரும் சீர்திருத்த முறை ஆலயம் உண்டா?

பதில்: பெத் ஹில்லேல் என்ற குழு இருக்கிறது. அவர்களுக்கும் முன்பே எழுத வேண்டும்.

கேள்வி: உணவைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மா. முதல் நாள் எதைச் சாப்பிட வேண்டும்?

பதில்: பொர்த்திகோ தொத்தாவியா தெருவின் ஒரு முனையில் பெயர்ப்பலகையே இல்லாத ஓர் அடுமனை இருக்கிறது, பொச்சோனே என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள். பாதாம், உலர்திராட்சை, சர்க்கரைப்பாகில் ஊறிய பழத்துண்டுகள் செறிந்த, மேலே கருகியது போலிருக்கும் கனத்த இனிப்புத் துண்டை வாங்குங்கள். கருகிவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அது அப்படித்தான் இருக்கவேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இருப்பீர்களானால் யூத முறையில் பொரித்த ஆர்ட்டிசோக் என்னும் பூமொட்டுக் காயைத் தவறவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: 'யூத-ரோமானியச் சமையல்' என்று பலகை வைத்த உணவகங்கள் எல்லாம் கோஷர் அல்ல. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் கலப்பதில்லை என்பதால், இறைச்சிக் கடையா பால் கடையா என்றும் கேளுங்கள்.

கேள்வி: பொரித்த ஆர்ட்டிசோக் கோஷரே அல்ல என்று இஸ்ரேலின் தலைமை ரபினேட் என்னும் மதகுருமார் அமைப்பு 2018-இல் சொன்னது உங்களுக்குத் தெரியாதா? கோஷரைப் பற்றி எச்சரித்துக்கொண்டே அதைப் பரிந்துரைக்கிறீர்களே?

பதில்: தெரியும். அதனால்தான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முழுதாகப் பொரிக்கும்போது இதழ்களின் இடையே பூச்சி இருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதம். பூச்சி உண்பது யூத வேதமான தோராவின் தடை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ரோமானியர் பயன்படுத்துவது முள்ளில்லாத, உருண்டையான, இதழ்கள் ஒன்றையொன்று இறுக அணைத்திருக்கும் வகை. வெளியிதழ்களைக் கத்தியால் சுற்றிச் சுற்றிச் சீவி, எலுமிச்சை நீரில் இட்டு, தட்டித் திறந்து, பிறகே எண்ணெயில் இடுகிறார்கள். மிதமான சூட்டில் முதல் பொரிப்பு. ஆறியபின் இதழ்களை விரலால் விரித்து, நல்ல சூட்டில் இரண்டாம் பொரிப்பு. விரிந்த சாமந்திப் பூவைப் போல வெளியே வரும். இறுக்கமான அந்த இதழ்களுக்குள் பூச்சி நுழைவதில்லை என்பது பல தலைமுறைகளாகக் கத்தி பிடித்த கைகளின் அனுபவம். அந்த ஆண்டுப் பஸ்காவுக்கு ரோமின் தலைமை ரபியே ஆர்ட்டிசோக் சீவியபடி வாழ்த்துக் காணொளி வெளியிட்டார்.

கேள்வி: அனுபவம் சட்டமாகாது. காலிஃபிளவரை உப்பு வெந்நீரில் போட்டுப் புழு பார்க்காமல் எங்கள் வீட்டில் சமைக்கமாட்டார்கள். ஆர்ட்டிசோக்குக்கு மட்டும் ஏன் விலக்கு?

பதில்: விலக்கு என்று எவரும் சொல்லவில்லை. காலிஃபிளவர் பூச்சிக்குத் திறந்த வீடு. இது மூடிய வீடு. ஒவ்வொரு காய்க்கும் அதன் இயல்பைப் பொறுத்தே சோதனை அமைகிறது. எந்தக் காய், எந்த ஊரில், எந்தப் பருவத்தில் பூச்சி பிடிக்கும் என்பதை அந்த ஊரின் ரபியே நன்கு அறிவார். 1555 முதல் 1870 வரை திருத்தந்தையரின் ஆட்சியில், ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் கரையில், கெட்டோவுக்குள் ஒடுக்கப்பட்டு வாழ்ந்தவர்கள், கிடைத்த மலிவான காயையும் சிறுமீனையும் கொண்டு, ஒரு கட்டளையையும் மீறாமல் ஒரு சமையலை உருவாக்கினார்கள். அதைத் தொலைவில் அமர்ந்து ஐயப்படுமுன் அவர்கள் அடுக்களையில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும் என்பதே என் கருத்து. நீங்கள் கண்டிப்பானவராக இருந்தால் உண்ணாதீர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் விருந்துக்கு அழைத்த வீட்டில் இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் யார் சொல்வது சரி?

பதில்: ரோமில் ரோமின் ரபி. ஆர்ட்டிசோக்கைப் பற்றி மேலும் பதினொரு கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதுவே பதில்.

கேள்வி: ஆலயத்துக்குப் போகக் கடவுச்சீட்டு தேவையா?

பதில்: தேவை. மேலே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் யூதர் அல்லாத சென்னை மாணவி. அறைத்தோழி தன் உறவினர் வீட்டு வெள்ளி விருந்துக்கு அழைத்திருக்கிறாள். என்ன கொண்டுபோவது?

பதில்: சமைத்ததையும் வைனையும் தவிருங்கள், கோஷர் விதிகளால் அவர்கள் அதைத் தொடமுடியாமல் போகலாம். பூக்களை வெள்ளி பகலிலேயே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் மாலை நான்கரைக்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். ஜூனில் எட்டரை ஆகும். ஓய்வுநாளில் அவர்கள் மின்விசைகளைத் தொடுவதில்லை என்பதால், அதன்பின் அழைப்புமணியை அழுத்தாமல் கதவைத் தட்டுங்கள். குளியலறை விளக்கை அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அவ்வளவு துயரம் நடந்த தெருக்களில் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவது எனக்குக் கூசுகிறது. இது தவறா?

பதில்: தவறில்லை, அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. 1943 அக்டோபர் 16 அதிகாலையில் நாஜிகள் இங்குள்ள யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் 16 பேர். பிடிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசல்களில் பெயர் பொறித்த பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. நின்று பெயரைப் படித்துவிட்டு நடங்கள். அக்டோபரில் நடக்கும் நினைவு ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அதே கற்களின் மேல்தான் மறுநாள் மாலை பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். பாட்டிகள் தெருவில் அமர்ந்து உரக்கப் பேசுகிறார்கள். ஊர்க்காரர்கள் அந்தத் தெருவைக் கெட்டோ என்று சொல்வதில்லை, சதுக்கம் என்று பொருள்படும் 'பியாத்சா' என்றே சொல்கிறார்கள். அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கும் இடத்தில் நீங்களும் மகிழ்ச்சியாக இருக்கலாம். நண்பர்களோடு ஒருநாள், ரோமின் பழைய துறைமுக நகரின் இடிபாடுகளான ஒஸ்தியா அந்திக்காவுக்கும் போய்வாருங்கள். விமான நிலையச் சாலை அமைக்கும்போது 1961-இல் வெளிப்பட்ட பழைய ஜெப ஆலயத்தின் தூண்களுக்கு நடுவே, பைன் மர நிழலில், உணவு கட்டிக்கொண்டு போய் உண்பது மாணவர்களுக்கு ஏற்ற மலிவான இன்பம்.

கேள்வி: காதல் துணையை அங்கே தேடிக்கொள்ள வழியுண்டா?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: கடவுச்சீட்டின் நகல் போதுமா?

பதில்: மூலத்தையே கொண்டுபோங்கள்.

கேள்வி: பஸ்காவுக்கு ரோமில்தான் இருப்பேன். அரிசி சாப்பிடலாமா? விருந்துக்கு எங்கே போவது?

பதில்: அரிசி விலக்கு அஷ்கனாசிகளின் வழக்கம், ரோமானிய வீடுகள் பலவற்றில் அந்த எட்டு நாளும் அரிசி உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைப் பின்பற்றுங்கள். விருந்துக்கு ஆறு வாரம் முன்பே எழுதுங்கள். அதற்குள் அந்த மூன்று வெள்ளிகளையும் முடித்திருந்தால் எழுதவேண்டிய தேவையே வராது. அப்படியும் இடம் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். அறையில் தனியாகப் படித்த அந்த ஆண்டுக்குப் பிறகு, என் மேசையில் எப்போதும் இரண்டு நாற்காலிகள் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.