பயோ-மேத்ஸிலிருந்து மகளை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் படிக்கும் மகள் ஒரு மாதம் மூளை ஆராய்ச்சி என்கிறாள், அடுத்த மாதம் துகள் இயற்பியல் என்கிறாள், தாத்தா ஐ.சி.யூ.வில் பதினோரு நாள் கிடந்து மீண்டதிலிருந்து தீவிர சிகிச்சை என்கிறாள். ஒன்றிலும் நிலைகொள்ளாத பெண்ணை ப்யூர் சயின்ஸ் குரூப்புக்கு மாற்றி, கணிதத்தை விடச் செய்து, நீட் தேர்வுக்கு மட்டும் தயார் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். அவள் சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு ஆசைகள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் துகள் இயற்பியலை எடுத்துக்கொள்வோம். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களைப் பிடிப்பதற்காக, ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாயு நிரப்பிய அந்தக் குழாயைத் துகள் கடந்தால் ஒரு சிறு மின்துடிப்பு எழும். ஆய்வாளருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நிமிடத்துக்குச் சுமார் 25 லட்சம் மியூவான்கள் பதிவாகும் இந்தக் கருவியில், 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் மேலே நின்ற 18 நிமிடங்களுக்கு, அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு விழுக்காடு குறைந்தது. அந்தச் சரிவைக் கொண்டு மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். குழாயைப் பராமரிப்பதும் வாயுக் கசிவைத் தேடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. அந்த இரண்டு விழுக்காடு இயற்கை காட்டியதா, தற்செயலாக நேர்ந்ததா என்று பிரித்தறிவது இன்னொரு பகுதி. ஆராய்ச்சி மாணவரின் பெரும்பாலான இரவுகள் அதில்தான் கழிகின்றன.

மூளைக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இரு பகுதிகள் 'இணைந்திருக்கின்றன' என்று சொன்னால், பல சமயங்களில் அதன் பொருள், இரண்டிலும் வரும் சமிக்ஞைகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன என்பது மட்டுமே. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது, எதுவும் இல்லாத இடத்திலும் ஏதோ இருப்பதுபோல் தெரியும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் 'காட்டினார்கள்'. தற்செயலாகத் தெரிவதை விலக்கும் புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாமல் பார்த்தபோது அந்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது. வேடிக்கையாகத் தோன்றினாலும், அந்தத் துறையில் கணிதத்தின் இடம் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கரு நிலையிலுள்ள மனித மூளையின் 5,132 வெட்டுத்துண்டுகளைப் படம்பிடித்து, 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டபோதும், திசுவை வெட்டத் தெரிந்தவர்களுக்கு இணையாகக் கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள்.

ஐ.சி.யூ. ஆராய்ச்சியும் இதே கதைதான். நுரையீரல் கடுமையாகச் செயலிழந்த நோயாளிக்கு வென்டிலேட்டரால் ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று செலுத்துவது? தாராளமாகச் செலுத்தினால்தான் நல்லது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர், 6 மி.லி. பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் இறந்தனர். தங்கள் தந்தையாருக்கும் வென்டிலேட்டர் வைத்திருந்தால், மூச்சின் அளவைக் குறைத்து வைத்த அந்த எண்ணுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்திருக்கும். மருத்துவரின் கைப்பழக்கத்தால் மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே தங்கள் மகள் மூன்று திசைகளில் அலைபாய்வதாக நினைக்காதீர்கள். இரைச்சலுக்கு நடுவில் உண்மையான குறிப்பைத் தேடும் ஒரே வேலையை அவள் மூன்று வாசல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். மூன்று வாசலுக்கும் பொதுவான சாவி கணிதமும் புள்ளியியலும். அதைத்தான் நீங்கள் கழற்றி வைக்கச் சொல்கிறீர்கள். கணிதத்தை விட்டுவிட்டு உயிரியல் பட்டம் முடித்து, பின்னர் முதுகலையில் புள்ளியியல் தாளைப் பார்த்துத் திகைத்து என் முன் வந்து அமர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முடியாது என்றில்லை, ஆனால் பதினாறு வயதில் இயல்பாக வருவதை இருபத்திரண்டில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பயோ-மேத்ஸில் இருந்தாலும் நீட் எழுதலாம். அந்தக் கதவு மூடப்போவதில்லை. கூடவே ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கிலும் தலா 15 கேள்விகள். திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஏழு ஐசர்களுக்கும், சென்னை ஐ.ஐ.டி.யின் நான்காண்டு மருத்துவ அறிவியல்-பொறியியல் பட்டப்படிப்புக்கும் அந்தத் தேர்வின் வழியாகவே சேர்க்கை நடக்கிறது.

ஆராய்ச்சி என்றால் காலம் இழுக்கும் என்ற தங்கள் அச்சம் நியாயமானது, மறைக்க மாட்டேன். ஐசரில் ஐந்தாண்டுப் படிப்பு, அதன்மேல் பிஎச்.டி.க்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், பிறகும் நிரந்தர வேலைக்குக் காத்திருப்பு. ஆனால் தீவிர சிகிச்சை நிபுணர் ஆவதற்கும் பயிற்சியோடு சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, அதற்கும் மேலான சிறப்புப் படிப்பான டி.எம். மூன்று என்று பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. பிஎச்.டி. காலத்தில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகையாக மாதம் 37,000 ரூபாய் என்று 2023 முதல் வழங்குகிறார்கள். வீட்டுக்கு அனுப்பப் போதாது, வீட்டிலிருந்து கேட்காமல் இருக்கப் போதும். கல்யாணப் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை அவளோடு பேசுங்கள். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் மேசைக்கு அதைக் கொண்டு வர வேண்டாம்.

குரூப் மாற்றும் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒன்று செய்யுங்கள். மகளிடம் ஒரு நாணயத்தைக் கொடுத்து, இருநூறு முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து எத்தனை முறை ஒரே பக்கம் விழுந்தது, அதை வைத்து நாணயத்தைச் சந்தேகிக்கலாமா என்று கேளுங்கள். முப்பதாவது சுண்டலிலேயே எழுந்து போய்விட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு விதமாகப் பேசுவோம். அடுத்த நாளும் நோட்டும் கையுமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அந்தப் படிவத்தைப் பள்ளியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.