ஹேக்கரா, விலைபோனவரா, வாய்த்துடுக்கா? இ-ஸ்போர்ட்ஸ் சண்டைகள்: கேள்வி பதில்

மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் நடக்கிற மொபைல் கேம் டோர்னமென்ட்களில் அட்மினாக உட்காருபவன் நான். கேஸ்டர் (வர்ணனையாளர்) வராத நாளில் மைக்கையும் பிடிப்பேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட ஆட்டக்காரர்களின் சண்டையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். அனுப்பிய கேள்விகளில் கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹேக் அடிப்பது (திருட்டு சாஃப்ட்வேர் போட்டு ஆடுவது), மேட்சை விற்பது, வாயை விடுவது மூன்றும் வேறு வேறு குற்றம். மூன்றுக்கும் 'டிராமா' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அண்ணே, யாராவது நன்றாக ஆடினாலே சாட்டில் 'வேர்டு டாட் எக்ஸி' என்று போடுகிறார்களே, அது என்ன கதை? (செல்லூர், பாலிடெக்னிக் மாணவர்)

நம் நாட்டு மானம் போன கதை தம்பி. 2018 அக்டோபரில் ஷாங்காயில் எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற ஆசிய அளவிலான போட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்துக்கு. ஆப்டிக் இந்தியா அணி வியட்நாம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. 'ஃபோர்சேகன்' என்ற பெயரில் ஆடிய நிகில் குமாவத்தின் கம்ப்யூட்டரில் ஏதோ சரியில்லை என்று அட்மின்கள் மேட்சை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் கையை நீட்டி ஃபைலை அழிக்கப் பார்த்தார். அந்த வீடியோ இன்றைக்கும் சுற்றுகிறது. ஃபைலுக்கு வைத்திருந்த பெயர்தான் 'வேர்டு டாட் எக்ஸி'. ஏதோ லெட்டர் டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று கணக்கு. உள்ளே இருந்தது எதிராளி மேல் குறியைத் தானாக இழுத்து வைக்கிற எய்ம்பாட்.

அணியை அங்கேயே வெளியேற்றினார்கள். ஆப்டிக் நிறுவனம் இந்திய அணியையே கலைத்துவிட்டது. இ-ஸ்போர்ட்ஸ் நேர்மைக்கென்று 2016-ல் ஆரம்பித்த ஈசிக் அமைப்பு அவருக்கு ஐந்து வருடத் தடை போட்டது. எல்லோரும் சிரித்துவிட்டுப் போனது அந்த ஃபைல் பெயரைப் பார்த்து. எனக்கு உறுத்துவது கூட ஆடிய நாலு பேர். ஒருத்தர் கை வைத்ததற்கு ஐந்து பேரின் சம்பளமும் போனது. அதற்கப்புறம் எந்த இந்தியப் பையன் வெளிநாட்டு சர்வரில் வரிசையாக ஹெட்ஷாட் அடித்தாலும் முதல் கமெண்ட் இதுதான்.

எங்கள் ஸ்க்ரிம்ஸில் (பயிற்சி மேட்சில்) ஒரு டீம்காரன் வைத்த குறி தப்புவதே இல்லை. சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் அடிக்கிறான். ஹேக்கர் என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டோம். சரிதானே? (அனுப்பானடி)

சரியில்லை. சுவருக்குப் பின்னால் போன பிறகு சாவதற்குப் பாதி நேரம் காரணம் பிங், அதாவது நெட் தாமதம். அவன் திரையில் நீ இன்னும் வெளியேதான் நிற்கிறாய். அவன் சுட்ட நேரத்தை சர்வர் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, உன் திரைக்குச் செய்தி வருவதற்குள் நீ உள்ளே போய்விடுகிறாய். ஸ்பெக்டேட் பண்ணுகிறவனுக்கு (ஆடாமல் பார்க்கிறவனுக்கு) அது இன்னும் மோசமாகத் தெரியும்.

தென்கொரியாவில் கிம் செ-யோன் என்ற பெண் இருக்கிறார். ஆட்டப்பெயர் 'கெகுரி'. 2016-ல் அவருக்குப் பதினேழு வயது. ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் அவருடைய குறியைப் பார்த்து, இது மனுஷக் கை இல்லை என்று எதிரணி ஆட்டக்காரர்கள் பழி போட்டார்கள். பொய்யென்று ஆனால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று சவால் வேறு. அந்தப் பெண் ஸ்டுடியோவுக்கு வந்து, முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து, கையும் மவுஸும் கேமராவில் தெரிய எல்லோர் முன்னாலும் நேரலையில் ஆடிக் காட்டினார். அதே குறி! ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்டும் அவர் ஹேக் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. சவால் விட்ட இரண்டு பேர் ஆட்டத்தை விட்டுப் போனார்கள். 2018-ல் ஓவர்வாட்ச் லீக்கில் ஷாங்காய் டிராகன்ஸ் அவரை எடுத்தது. அந்த லீக்கில் ஒப்பந்தமான முதல் பெண் அவர்தான்.

அதனால் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு ஹேண்ட்கேம் (ஆடுகிற கை தெரியும் வீடியோ) கேளுங்கள். இரண்டாவது போனை நாலு புத்தகத்துக்கு மேல் சாய்த்து வைத்தால் போதும், பத்து விரலும் திரையும் ஒன்றாக விழ வேண்டும். கட்டைவிரல் அசைவதற்கு முன்னாலேயே குறி போய் உட்கார்ந்தால் அப்போது பேசலாம். ஹேண்ட்கேம் தர மறுத்தாலே ஹேக்கர் என்று முடிவு கட்டவும் கூடாது. இரண்டாவது போன் இல்லாத வீடுகள் நம் ஊரில் நிறைய.

நண்பன் ஐடியில் நான் ஆடிக் கொடுத்தால் என்ன தப்பு? ஹேக் எதுவும் போடவில்லையே. (அலங்காநல்லூர்)

இதை நீங்கள் போய் என்னிடம் கேட்கலாமா? உங்கள் ஊர் வாடிவாசலில் ஒருத்தர் பேரில் பதிந்த நம்பர் பனியனை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு இறங்கினால் கமிட்டி என்ன செய்யும்? மாட்டை நன்றாகத்தானே பிடித்தான் என்று பரிசு கொடுத்து அனுப்புமா? அதே கதைதான். ஆள்மாறாட்டத்துக்கு என் டோர்னமென்டில் மொத்த அணியும் வெளியே.

322 என்று சொல்லிச் சிரிக்கிறார்களே, என்ன அர்த்தம்? மேட்ச் ஃபிக்சிங் பண்ணியவர்கள் திரும்ப வந்து ஆடலாமா? (மேலூர்)

2013-ல் டோட்டா என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ரஷ்யாக்காரர் 'சோலோ', தன் அணி தோற்கும் என்று தானே 100 டாலர் பந்தயம் கட்டினார். அணி தோற்றது. அதில் வந்த தொகை 322 டாலர். போட்டி நடத்திய ஸ்டார்லேடர் முதலில் ஆயுள் தடை என்றது, அப்புறம் ஒரு வருடமாகக் குறைத்தது. திரும்பி வந்தவர் விர்டுஸ்.ப்ரோ அணிக்கு கேப்டனாகி மேஜர் என்ற பெரிய போட்டிகளின் கோப்பைகளை வாங்கினார். ஆனால் டோட்டா ஆடுகிற எவனாவது மட்டமாகத் தோற்றால் இன்றும் '322' என்றுதான் எழுதுகிறார்கள். தடை ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது, பட்டப்பெயர் முடியவில்லை.

இன்னொரு பக்கம் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய அமெரிக்காவின் ஐபைபவர் அணி. 2014 ஆகஸ்டில் தங்களைவிட மிகவும் கீழே இருந்த நெட்கோட்கைட்ஸ் அணியிடம் வேண்டுமென்றே தோற்றார்கள். கூலி பணமாகக்கூட இல்லை. ஆட்டத்தில் துப்பாக்கிக்குப் போடுகிற ஸ்கின்கள், அதாவது அலங்காரங்கள். அதற்கும் சந்தையில் டாலர் மதிப்பு உண்டு. 2015 ஜனவரியில் கவுன்டர் ஸ்ட்ரைக்கின் சொந்தக்காரரான வால்வ் தன் போட்டிகளிலிருந்து அவர்களைத் தடை செய்தது. ஈஎஸ்எல், ட்ரீம்ஹேக் போன்ற அமைப்புகள் 2017-ல் தங்கள் தடையை எடுத்த பிறகும் வால்வ் இறங்கி வரவில்லை, மேஜர் கதவு சாத்தியபடியே இருந்தது. வேலரன்ட் என்ற புது ஆட்டம் வந்த பிறகு சிலர் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு பிழைத்தார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது 'ஸ்காடூடுல்' என்ற ஆட்டக்காரர். அதே அணி, அதே மேட்ச். அவர் ஸ்கின்களை வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் தடைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2018 ஜனவரியில் பாஸ்டனில் க்ளவுட்9 மேஜர் வென்றபோது அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். கூட ஆடியவர்கள் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்.

திரும்ப வரலாமா என்று கேட்டீர்கள். என் கட்சி: பதினெட்டு வயதுப் பையனுக்கு ஆயுள் தடை அதிகம், ஒரு வருடம் குறைவு. விற்கச் சொல்லி ஆள் பிடித்தவனுக்கு மட்டும் ஆயுள் தடை போடலாம், தப்பில்லை.

அண்ணா, நான் வாய்ஸ் ஆன் செய்தாலே திட்டு ஆரம்பிக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களே அப்படித்தான் பேசுகிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லையே? (கே.கே.நகர், கல்லூரி மாணவி)

கேட்டிருக்கிறார்கள் தங்கச்சி, ஆனால் வேலைக்கு ஆகவில்லை. 'எக்ஸ்க்யூசி' என்ற ஆட்டக்காரர் 2018-ல் ஓவர்வாட்ச் லீக்கில் டல்லஸ் ஃபியூல் அணியில் இருந்தார். ஓரினச்சேர்க்கையாளரான எதிரணி ஆட்டக்காரரை அதை வைத்தே ஸ்ட்ரீமில் (தன் நேரலையில்) இழிவாகப் பேசினார். லீக் நாலு மேட்ச் தடையும் 2,000 டாலர் அபராதமும் போட்டது. மார்ச்சில் மறுபடியும் பிரச்சினை, 4,000 டாலர் அபராதம், அணியும் கழற்றிவிட்டது. முடிந்ததா? இல்லை. முழுநேர ஸ்ட்ரீமராகி, 2023-ல் கிக் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தோடு 10 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டார். கூட ஆடுபவர்களைத் திட்டித் தீர்த்த 'டைலர்1' என்பவரை லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் எந்த ஐடியில் வந்தாலும் உடனே தடை செய் என்று 2016-ல் அந்த ஆட்டத்தின் சொந்தக்காரரான ரயட் உத்தரவே போட்டது. 2018 ஜனவரியில் தடை நீங்கித் திரும்பியபோது முன்னைவிடப் பெரிய கூட்டம்.

லீக்குக்கு அவமானம், ஸ்ட்ரீமுக்கு வருமானம். அதனால்தான் வாய்க்குப் போடுகிற அபராதம் யாரையும் பயமுறுத்துவதில்லை. உன் விஷயத்துக்கு வருகிறேன். திட்டினால் வாயால் பதில் சொல்லாதே. ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை முதலிலேயே ஓடவிட்டு வை, க்ளிப்பை மேட்ச் நம்பரோடு அட்மினுக்கு அனுப்பு. நான் நடத்துகிற இடத்தில் முதல் க்ளிப்புக்கு அந்த ஆள் வெளியே, இரண்டாவதற்கு அணியே வெளியே. 'ஜாலிக்குச் சொன்னேன்ணே' என்று மன்னிப்பு கேட்டு வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், திட்டு வாங்கிய பிள்ளையிடம் கேட்பதே இல்லை.

எங்கள் பையன் செஸ் ஆடுகிறான். கார்ல்சன் – நீமேன் சண்டையில் யார் பக்கம் நியாயம்? (திருநகர், ஒரு அப்பா)

செஸ்ஸும் இப்போது எங்கள் பக்கம் வந்துவிட்டது சார். 2025-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் அதுவும் ஒரு ஆட்டம், கார்ல்சன்தான் ஜெயித்தார். அந்தச் சண்டையில் இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் சிங்க்ஃபீல்ட் கோப்பையில் அமெரிக்க இளைஞர் நீமேனிடம் தோற்ற அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன், அவர் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகத்தில் போட்டியை விட்டே விலகினார். சிறு வயதில் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமேனே ஒப்புக்கொண்டார். ஆன்லைன் செஸ் தளமான செஸ்.காம் தன் அறிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களைச் சந்தேகப்பட்டது. ஆனால் நேருக்கு நேர் பலகையில் ஏமாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நீமேன் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2023 ஆகஸ்டில் சமரசம் ஆனது. சரியான காரணமில்லாமல் விலகியதற்காக உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. பையனிடம் சொல்ல வேண்டியது ஆன்லைன் ஆட்டத்தைப் பற்றித்தான். நீமேன் பன்னிரண்டு வயதில் இன்ஜினை (நல்ல நகர்த்தலைச் சொல்லும் சாஃப்ட்வேரை) திறந்து பார்த்தது கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகும் பின்னாலேயே வருகிறது.

ஆட்டக்காரர் அரசியல் பேசினால் தடை செய்யலாமா? (சிம்மக்கல்)

செய்திருக்கிறார்கள். 2019 அக்டோபரில் ஹாங்காங்கின் 'ப்ளிட்ஸ்சங்' என்ற ஆட்டக்காரர், பிளிசார்டின் சீட்டாட்ட கேமான ஹார்த்ஸ்டோன் போட்டியின் பேட்டியில் தன் ஊர்ப் போராட்டத்துக்குக் குரல் கொடுத்தார். பிளிசார்ட் ஒரு வருடத் தடை போட்டு, பரிசுப் பணத்தையும் பிடித்துக்கொண்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் தடை ஆறு மாதமானது, பணமும் திரும்ப வந்தது. கிரிக்கெட்டை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது. இங்கே ஆட்டமே நிறுவனத்தின் சொத்து, சட்டம் போடுவதும் தீர்ப்பு சொல்வதும் அவர்களே. மேல்முறையீட்டுக்குப் போக இடமில்லாததால்தான் எல்லாச் சண்டையும் எக்ஸ் தளத்துக்கு (பழைய ட்விட்டருக்கு) வருகிறது.

கோச்சும் ஏமாற்றுவாரா?

37 பேர். 2020 செப்டம்பரில் ஈசிக் ஒரே அறிக்கையில் தடை அறிவித்த கவுன்டர் ஸ்ட்ரைக் கோச்சுகளின் எண்ணிக்கை அது. கோச்சின் கேமரா மேப்பில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு, எதிரணி வருவதைக் காட்டுகிற பக் (ஆட்டத்தின் கோளாறு) ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் சும்மா உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டக்காரர்களைத் திட்டும் அளவுக்கு கோச்சுகளை யாரும் திட்டுவதில்லை, ஏனோ.

என் மகன் 50 ரூபாய், 100 ரூபாய் கட்டி டோர்னமென்ட் ஆடுகிறான். இது சூதாட்டமா தம்பி? போலீஸ் பிரச்சினை வருமா? (உசிலம்பட்டி, ஒரு அம்மா)

அம்மா, 2025-ல் வந்த மத்திய சட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. பணம் வைத்து, பணம் எடுக்கலாம் என்று ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. அங்கீகரிக்கப்பட்ட இ-ஸ்போர்ட்ஸ் அதில் வராது. கலந்துகொள்ளவும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் நுழைவுக் கட்டணம் வாங்கலாம், திறமைக்குப் பரிசு கொடுக்கலாம், பந்தயம் மட்டும் கூடாது. ஆனால் தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப்பில் நடக்கிற 'கில்லுக்கு இருபது ரூபாய்' (ஒருத்தரை வீழ்த்தினால் இருபது ரூபாய்) ரூம் எல்லாம் இ-ஸ்போர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டால் நிற்காது. மகன் அந்த மாதிரி ரூமில் ஆடுகிறானா என்று ஜிபே கணக்கைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

திருமங்கலம் பக்கம் ஒரு டோர்னமென்டில் ஜெயித்தோம், நாலு மாதமாகியும் பரிசுப் பணம் வரவில்லை. பெயரைப் போட்டு நாறடித்துவிடட்டுமா?

அதற்கு முன்னால் மூன்று விஷயம் கையில் இருக்கிறதா பாருங்கள்: பரிசுத் தொகை போட்ட போஸ்டர், அவர்களே வெளியிட்ட பாயின்ட் டேபிள், நீங்கள் நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீது. மூன்றையும் இணைத்து, தேதி குறித்து, இத்தனை நாளுக்குள் பணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அதில் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டால் அப்புறம் அந்த வார்த்தையைப் பற்றித்தான் ஊரே பேசும், உங்கள் பணத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பதில் வரவில்லையென்றால் என்னிடம் காட்டுங்கள். இங்கே டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள்தான். அவர்களுடைய அடுத்த போட்டிக்கு ஸ்லாட் நிரம்புவதற்குள் நானே போன் போட்டுக் கேட்கிறேன்.